சித்தம்பூண்டிக் கல்லும் ஆதியாகமமும்: உயிரின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் சிற்றூர்களின் புறத்தே, புன்செய்க் காடுகளின் இடையிடையே, வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த ஒருவகைப் பாறை நிலத்தின்மேல் தலைகாட்டி நிற்கிறது. அனார்த்தொசைட் என்று நிலவியலார் வழங்கும் இப்பாறையை, அவ்வூர்கள் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில் விரிவாக ஆராய்ந்து ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் அறிஞர் 1956-இல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் உள்ள நிலவியலாரின் கவனத்தைச் சித்தம்பூண்டியின்பால் திருப்பியது. பின்னாளில், சந்திரயான்-2 கலத்தின் இறங்குபொறியையும் ஊர்தியையும் சோதித்துப் பார்ப்பதற்குச் சந்திரனுடைய மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் இவ்வூர்களின் கல்லையே டன் கணக்கில் கொண்டுசென்று பொடித்துப் பயன்படுத்தினர். சந்திரனின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இவ்வினத்துப் பாறையால் ஆனவை என்பதே அதற்குக் காரணம்.

இக்கல்லின் இனத்தைச் சேர்ந்த ஒரு துண்டை, 1971 ஆகஸ்ட் 1-ஆம் நாள், அப்பல்லோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சந்திரனின் அபெனைன் மலையடியில் கண்டெடுத்தனர். நானூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய அக்கல்லுக்குச் செய்தியாளர் சூட்டிய பெயர் ‘ஆதியாகமக் கல்’ என்பது. கண்டெடுத்தவருள் ஒருவரான இர்வின், சந்திரனில் நின்றபோது தெய்வ சாந்நித்தியத்தை உணர்ந்ததாகச் சொல்லி, விண்வெளிப் பணியிலிருந்து விலகி, 1972-இல் ஒரு சுவிசேஷ ஸ்தாபனத்தை நிறுவினார். 1982 முதற்கொண்டு நோவாவின் பேழையைத் தேடித் துருக்கியின் அரராத் மலைமேல் பலமுறை ஏறவும் செய்தார். பேழை கிடைக்கவில்லை. கோடானுகோடி ஆண்டுகளின் சாட்சியமாகிய கல்லைத் தம் கைகளில் ஏந்திய ஒருவர், ஆதியாகமத்தின் பழங்கதையை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பிக்கும் மரத்துண்டைத் தேடிப் பிற்காலத்தில் மலையேறினார் என்பதை, நகைப்புக்குரிய செய்தியாக நான் கருதவில்லை. உயிர் எங்கிருந்து வந்தது என்ற வினா, மனிதனின் அறிவை மட்டும் தொட்டு நிற்பதன்று. அவனுடைய நம்பிக்கை, அச்சம், ஆறுதல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அசைப்பது. ஆதலின் அவ்வினாவைச் சேலம், நாமக்கல் சமவெளியின் கற்களையும் மனிதரையும் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் காலத்தைப் பற்றிய தடையை அகற்றிவிடுவது நலம். பாறையினுள் உள்ள சிர்க்கான் என்னும் நுண்மணிகளில் யுரேனியம் காரீயமாக மாறிவருவது அளவறிந்த வேகத்தில் நிகழ்வதாகும். எஞ்சிய யுரேனியத்தையும் விளைந்த காரீயத்தையும் ஒப்பிட்டு மணியின் வயதைக் கணக்கிடலாம். இம்முறையால் சித்தம்பூண்டிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்று தெளிவாகியிருக்கிறது. பூமியின் வயதோ, 1956-இல் கிளேர் பாட்டர்சன் கணித்தபடி, ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் வேதாகமத்தின் வம்சாவளிகளைக் கூட்டிக் கணக்கிட்டு, கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டதென்று 1650-இல் எழுதியது அக்காலக் கல்வியின் கடும் உழைப்பே எனினும், சித்தம்பூண்டிக் கல்லின் முன் அது நில்லாது. நம் நாட்டுப் புராணங்கள் பிரம்மாவின் ஒரு பகலுக்கு 432 கோடி ஆண்டுகள் வகுத்திருப்பதைக் காட்டி, எங்கள் முன்னோர் பூமியின் வயதை அறிந்திருந்தனர் என்று பெருமை கொள்வாரும் உளர். அளவையின்றிக் கிட்டிய எண், பிற்காலத்து அளவையோடு தற்செயலாக நெருங்கியது என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பெருமை கொள்ள நமக்கு வேறு விஷயங்கள் உண்டு.

ஆனால் அஷ்ஷரின் கணக்கு வீழ்ந்ததனால் கிறிஸ்தவ சிருஷ்டிக் கொள்கையே வீழ்ந்தது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். அஷ்ஷருக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித அகுஸ்தீனார் ஆதியாகமத்துக்கு எழுதிய பேருரையில், ஆறு நாள்களை நாம் அறிந்த இருபத்து நான்கு மணி நேரங்களாகக் கொள்ளவியலாது என்று விளக்கினார். இறைவன் அனைத்தையும் ஒருங்கே படைத்தான் என்றும், பின்னர்த் தோன்றவேண்டிய உயிர்கள் யாவும் விதைகளைப் போன்ற காரணங்களாகப் பூதங்களின் உள்ளே மறைந்து கிடந்து, உரிய காலத்தில் வெளிப்பட்டன என்றும் அவர் கருதினார். வானத்தையும் பூமியையும் பற்றிய இயற்கை உண்மைகளில் அறியாமையோடு பேசி, அதை வேதத்தின் பேரால் நிலைநாட்ட முயலும் கிறிஸ்தவன், அவிசுவாசிகள் முன் வேதத்தையே இகழ்ச்சிக்கு உள்ளாக்குகிறான் என்று அவர் கடுமையாகவே எச்சரித்திருக்கிறார். இன்று நம் ஊர்களில் மேடையேறி ஆறாயிரம் ஆண்டுக் கணக்குப் பேசும் பிரசங்கிமார் அகுஸ்தீனாரைப் படித்திருந்தால் நன்றாயிருக்கும்.

அகுஸ்தீனாரின் வழியிலும், அவருக்குப் பின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய தாமஸ் அக்குவினாரின் வழியிலும் வந்த தத்துவக் கல்வி, இச்சமவெளிக்குள் நுழைந்த ஆண்டு 1623. காவியுடுத்துச் சந்நியாசிக் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று மதுரையில் வாழ்ந்துவந்த இத்தாலிய நாட்டு இயேசுசபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, அவ்வாண்டில் வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலத்தை அடைந்தார். அங்கே ஆட்சி செலுத்திய இராமச்சந்திர நாயக்கர் அவரை மதித்து வரவேற்றார். அங்கிருந்து சேலத்துக்கும், அடுத்து மோரமங்கலத்துக்கும் அவருடைய பணி பரவியது. தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த அவர் எழுதிய உரைநடை நூல்களுள் ஞான உபதேசம், ஆத்தும நிருணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்பன, சிருஷ்டியையும் ஆன்மாவையும் மறுபிறப்பையும் பற்றி அவர் தமிழ்நாட்டு அறிஞரோடு நிகழ்த்திய நீண்ட தர்க்கத்தின் சாரமாகும். வினை வழியே உயிர் உடல்விட்டு உடல் பெயர்கிறது என்ற நம் நாட்டுக் கொள்கைக்கு எதிராக, ஒவ்வொரு மனித ஆன்மாவும் இறைவனால் நேரே புதிதாகச் சிருஷ்டிக்கப்படுகிறது என்ற கொள்கையை அவர் நிறுவ முயன்றார். அவருடைய கண்டனங்களில் நம்மவர் ஏற்கவியலாத வன்மையும் உண்டு. எனினும் நம் வினாவுக்கு மிக இன்றியமையாத ஒரு பாகுபாடு அவர் கற்றுவந்த கல்விமரபில் அடங்கியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அப்பாகுபாடு யாதெனின்: தாவரத்துக்குரிய உயிர்நிலை, விலங்குக்குரிய உயிர்நிலை, மனிதனுக்குரிய பகுத்தறிவுள்ள ஆன்மா என உயிர்நிலை மூவகைப்படும் என்பதும், அவற்றுள் முதலிரண்டும் சடப்பொருளின் உள்ளாற்றலிலிருந்தே வெளிப்படுவன, மூன்றாவது மட்டுமே இறைவனின் நேரான சிருஷ்டி என்பதும் ஆகும். ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியரின் மரபில் வந்த தமிழருக்கு இத்தகைய படிநிலை அந்நியமாகத் தோன்றியிராது. இதனோடு இணைத்துக் காணவேண்டிய மற்றொன்று, முதற்காரணம், துணைக்காரணம் என்னும் பிரிவு. இறைவன் முதற்காரணன், வெயிலும் மழையும் மண்ணும் துணைக்காரணங்கள். துணைக்காரணங்கள் மெய்யாகவே செயற்படுகின்றன. அவை செயற்படுவதனால் முதற்காரணன் விலகிப் போவதில்லை. துணைக்காரணம் கண்டறியப்படுந்தோறும் முதற்காரணனின் இடம் சுருங்குவதும் இல்லை. இவ்வடிப்படையிலேதான், அழுகிய பொருள்களிலிருந்து புழு பூச்சிகள் தாமே தோன்றுகின்றன என்ற அக்கால நம்பிக்கையை அக்குவினார் எவ்வகைத் தயக்கமும் இன்றித் தம் இறையியலுக்குள் ஏற்றுக்கொண்டார். உயிரற்றதிலிருந்து உயிர் தோன்றுவது, அவர் நோக்கில், தெய்வ நிந்தனை ஆகவில்லை.

இதை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சடத்திலிருந்து உயிர் தோன்றியதென்று கூறுவோர் அனைவரும் நாத்திகர், அதை மறுப்போர் அனைவரும் ஆத்திகர் என்றொரு கோடு நம் காலத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. சரித்திரம் அக்கோட்டை மதிக்கவில்லை. புழுக்கள் அழுகலிலிருந்து பிறப்பதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே பிறக்கின்றன என்று 1668-இல் பிரான்செஸ்கோ ரெடி காட்டிய பின்னரும், நுண்ணுயிர்கள் தாமே தோன்றுகின்றனவா என்ற விவாதம் நீடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றுகின்றன என்று பரிசோதனை காட்டிய ஜான் நீடமும் கத்தோலிக்கக் குருவானவர். தோன்றவில்லை என்று மறுபரிசோதனை காட்டிய லாசரோ ஸ்பல்லன்சானியும் கத்தோலிக்கக் குருவானவர். ஒரே பலிபீடத்தில் வழிபட்டவர் இருவர், சாற்றைக் கொதிக்கவைத்த குடுவையைப் பற்றி மாறுபட்டனர். விசுவாசத்தைப் பற்றி அல்ல. லூயி பாஸ்டர் 1860-களில் வளைகழுத்துக் குடுவையால் அவ்விவாதத்தை முடித்துவைத்தபோதுதான், உயிர் உயிரிலிருந்தே பிறக்கும் என்ற பரிசோதனை முடிவை, முதல் உயிர் தெய்வ அற்புதத்தால் மட்டுமே தோன்றியிருக்கக்கூடும் என்ற சமயவாதமாகச் சிலர் மாற்றினர். பாஸ்டரின் குடுவை, இன்றைய நிலையில் சில நாள்களில், கொதிக்கவைத்த சாற்றில் என்ன நிகழாது என்பதைக் காட்டியது. கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன், காற்றும் கடலும் வேறாயிருந்த பூமியில் என்ன நிகழ்ந்திருக்காது என்பதைக் காட்டவில்லை.

இச்சமவெளியின்மேல் நின்று நோக்கும் ஏற்காட்டில், விசுவாசமும் ஆராய்ச்சியும் பகையல்ல என்ற இதே விஷயம் ஒரு குடும்பத்தின் வடிவில் அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாக இருந்து, ஆறுமுக நாவலரின் துணைகொண்டு ஆதியாகமம் முதலாக வேதாகமம் முழுவதையும் தமிழாக்கி, 1850-இல் அது வெளிவரக் காரணராயிருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார், முதுமையில் ஏற்காட்டில் தங்கி 1882-இல் அங்கேயே காலமானார். அவருடைய மகளை மணந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இவரே 1863 மே 30-இல் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைத் திறந்துவைத்தவர். வில்லியம் கிங்குடன் சேர்ந்து திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னாற்காடு மாவட்டங்களின் நில அமைப்பை ஆராய்ந்து 1864-இல் நூலாக்கியவர். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டையே இருப்பிடமாகக் கொண்டவர். அவரும் கிங்கும் அதே 1863-இல் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நிறுவினர். ஆதியாகமத்தைத் தமிழில் தந்தவரும், மனிதனின் பழமையைத் தமிழ் மண்ணில் காட்டியவரும் மாமனாரும் மருமகனுமாக ஒரு வீட்டு உறவினராயிருந்தனர். ஃபூட்டின் நினைவுச்சின்னம் ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகளைத் தெய்வாம்சம் உடையனவாகக் கருதிச் சிறு கோயில்களில் வைத்திருந்தனர் என்ற குறிப்பும் அக்கால எழுத்துகளில் உண்டு. காரணம் மறந்துபோன பொருளுக்கு மனிதன் தெய்வத்தைக் காரணமாக்குவான். காரணம் தெரிந்தபின், அங்கே தெய்வத்தை வைத்தவன் எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதாகும்.

அவ்வாறு ஓடநேர்ந்த சங்கடம் தமிழ்நாட்டில் பலமுறை வெளிப்பட்டது. 1882 முதல் 1888 வரை சென்னையிலிருந்து வெளிவந்த தத்துவவிவேசினி என்னும், சுயாக்கியானிகளின் (சுதந்திர சிந்தனையாளரின்) வார இதழ், சிருஷ்டிக் கதைகளை அறிவின் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தது. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநகரில்தான். அதன்பின் இப்பகுதியில் கடவுள் மறுப்பு வாதங்கள் வீதிதோறும் ஒலித்தன. அவ்வாதங்களுள் பெரும்பகுதி, துணைக்காரணம் தெரியாத இடத்தில் மட்டும் குடியிருத்தப்பட்ட கடவுளை நோக்கியே எழுந்தது. அத்தகைய கடவுளைப் பொறுத்தமட்டில் மறுப்பாளர் வாதம் நியாயமானதே.

இனி விஞ்ஞானத்தின் பக்கத்தை நோக்குவோம். ரஷ்யாவில் அலெக்சாண்டர் ஓப்பாரின் 1924-இலும், பின்னாளில் இந்தியாவில் குடியேறிப் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் 1929-இலும், பழைய பூமியின் கடல்நீரில் கரிமப் பொருள்கள் படிப்படியாகத் திரண்டு உயிராயின என்ற கருதுகோளைத் தனித்தனியே முன்வைத்தனர். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறி பாய்ச்சி, புரதங்களின் மூலக்கற்களாகிய அமினோ அமிலங்கள் சிலவற்றைப் பெற்றார். அக்காலக் காற்றில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தன என்று பிற்காலத்தார் பலர் கருதுவதால், மில்லரின் குடுவை பழைய பூமியின் சரியான நகல் ஆகாதெனினும், உயிரின் பொருள்கள் உயிரின்றியும் விளையும் என்பதை அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

இத்துறையில் நமக்கு மிக நெருங்கியவர் சிரில் பொன்னம்பெருமா. 1923-இல் இலங்கையின் காலி நகரில் பிறந்த இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்ற பிறகே வேதியியலுக்குத் திரும்பினார். உயிரணுக்களின் ஆற்றல்நாணயமாகிய ஏ.டி.பி.யைப் பழைய பூமியின் சூழலை ஒத்த நிலையில் உண்டாக்கிக் காட்டிய 1963-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் கார்ல் சேகனோடு அவர் பணியாற்றினார். சந்திரனிலிருந்து வந்த மண்ணை அவர் ஆராய்ந்தபோது அதில் உயிரின் சுவடு கிட்டவில்லை. ஆனால் 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், அவரும் உடனாய்வாளரும் அமினோ அமிலங்களைக் கண்டனர். பூவுலக உயிர்களின் புரதத்தில் இடக்கை அமைப்புடைய அமினோ அமிலங்களே அமைந்திருக்க, விண்கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சமமாகக் கலந்திருந்தமையால், அவை பூமியில் ஒட்டிக்கொண்ட மாசல்ல, விண்வெளியில் உயிரின்றி விளைந்தவையே என்பது தெளிவாயிற்று. நம் நாட்டிலும் அலகாபாத்தில் கிருஷ்ண பகதூர் சூரிய ஒளியில் வைத்த கலவைகளிலிருந்து நுண்ணுருண்டைகளைப் பெற்று ‘ஜீவாணு’ என்று பெயரிட்டார். பொன்னம்பெருமாவும் லிண்டா கேரனும் 1967-இல் எழுதிய மதிப்பாய்வு, அவற்றின் இயல்பு இன்னும் தெளிவுபடவேண்டும் என்ற அளவில் நின்றது. ஒரு பெயரைச் சூட்டுவதனால் மட்டும் உயிர் வந்துவிடாதன்றோ.

நாமக்கல்லின் கோழிப்பண்ணையிலிருந்து வரும் முட்டையில் மஞ்சட்கருவும் வெண்கருவும், புரதமும் கொழுப்பும் உப்பும் யாவும் நிறைந்திருக்கின்றன. சேவல் சேராது இட்ட அம்முட்டையை இருபத்தொரு நாள் அடைவைத்தாலும் குஞ்சு வருவதில்லை. பொருள்கள் யாவும் கூடியிருப்பது வேறு, அவை உயிராக ஒழுங்குபட்டு இயங்குவது வேறு. மில்லரின் குடுவைக்கும் மிக எளிய பாக்டீரியாவுக்கும் இடையே உள்ள தூரம் இதைக் காட்டிலும் பெரிது. தன்னைத் தானே நகலெடுக்கும் மூலக்கூறு முதலில் எவ்வாறு தோன்றியது, இடக்கை அமைப்பு எவ்வாறு நிலைபெற்றது, சவ்வும் மரபுக்குறிப்பும் வளர்சிதைமாற்றமும் எவ்வாறு ஒன்றுகூடின என்பன இன்றும் தீராத வினாக்கள். ஆர்.என்.ஏ. மூலக்கூறு செய்தியைத் தாங்குவதோடு வினையூக்கியாகவும் செயற்படும் என்று கண்டு 1989-இல் நோபெல் பரிசு பெற்ற சிட்னி ஆல்ட்மன், தாமஸ் செக் ஆகியோரின் ஆராய்ச்சி ஒரு வாயிலைத் திறந்தது.

மற்றொரு வாயிலின் சாயலைச் சேலத்திலேயே காணலாம். சேலம் நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே மாக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக் குன்றுகளின் அடியில் கிடப்பது, ஒலிவின் மிகுந்த டூனைட் என்னும் பாறை. இவ்வகைப் பாறையோடு நீர் வினைபுரியும்போது பாம்புத்தோல் போன்ற செர்ப்பென்டைன் கனிமம் விளைவதோடு ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். 2000-ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்ட ‘மறைந்த நகர்’ என்னும் வெந்நீர் ஊற்றுகளில் இவ்வினை இன்றும் நிகழ்கிறது. இத்தகைய ஊற்றுகளின் நுண்துளைகளிலேயே, ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கூடி, முதல் உயிரின் வேதியியல் தொடங்கியிருக்கலாம் என்று மைக்கேல் ரஸ்ஸல், வில்லியம் மார்ட்டின் போன்றோர் கருதுகின்றனர். சேலத்துக் குன்றில் உயிர் தோன்றியது என்று எவரும் சொல்லவில்லை. நிலத்தினடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறிய இப்பகுதிப் பாறைகளில் தொல்லுயிர்ச் சுவடு எதையும் எதிர்பார்க்கவும் இயலாது. எனினும் அவ்வினைக்கு வேண்டிய கல் எத்தகையது என்று காண விரும்பும் மாணவன் அட்லாண்டிக்குக்குச் செல்லவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பின் என் துணிபு இதுவே. நாளையே ஒரு சோதனைச் சாலையில் உயிரற்ற பொருளிலிருந்து உயிரணு ஒன்று உருவாக்கப்படுமாயினும், நோபிலி சேந்தமங்கலத்துக்குக் கொண்டுவந்த கிறிஸ்தவத் தத்துவத்துக்கு அதனால் ஒரு பழுதும் நேராது. அத்தத்துவம் மனித ஆன்மா ஒன்றுக்கே இறைவனின் நேரான சிருஷ்டியைக் கோருகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் வெளியிட்ட மடலில், மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவோ இறைவனால் நேரே படைக்கப்படுவது என்று கூறியதும், இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் பரிணாமத்தை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டதாக ஏற்றதும் இம்மரபின் தொடர்ச்சியே. இன்னும் தீராத வேதியியல் வினாவைக் காட்டி, இதோ அற்புதம் என்று கூறும் அமெரிக்க நாட்டு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’க் கொள்கை, 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் விஞ்ஞானம் ஆகாதென்று தீர்ப்புப் பெற்றது. அது இறையியலும் ஆகாது என்பது என் அபிப்பிராயம். தீராத வினாவில் கடவுளை வைப்பவன், வினா தீரும் நாளில் கடவுளை இழப்பான். மறுபக்கத்தில், குடுவையில் அமினோ அமிலம் கிடைத்ததைக் கொண்டு, ஏன் ஏதேனும் ஒன்று இருக்கிறது, ஏன் இயற்கை விதிக்குக் கட்டுப்பட்டு ஒழுகுகிறது என்ற வினாக்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்வோரும் தம் பரிசோதனை தந்ததைக் காட்டிலும் மிகுதியாகவே பேசுகின்றனர். அவ்வினாக்களுக்குக் கிறிஸ்தவம் சொல்லும் விடையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் சிந்தனைக்கு உரியது. வேதியியல் அவ்விடயத்தில் நடுவராக அமராது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் பள்ளிகள் பல உள்ளன. அரசுப் பள்ளிகளும் உள்ளன. அவ்விருவகைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. பத்தாம் வகுப்பு மாணவரைச் சித்தம்பூண்டிக்கும் சேலத்து வெள்ளைக் குன்றுகளுக்கும் ஏற்காட்டு ஆலயத்துக்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். பாறையின் வயதைச் சொல்லுங்கள். அவ்வயது எவ்வாறு அறியப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பில் ஆதியாகமத்தைக் கற்பிப்பவர், அகுஸ்தீனார் அதை எவ்வாறு படித்தார் என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும்.